இரண்டு வரை எண்ணிவிட்டுச் சொல்

காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவேன். அலாரம் வைப்பதில்லை. மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவேன். பாக்கெட் பாலைக் காய்ச்சுவேன். கடையில் வாங்கிய மாவில் மூன்று தோசை. நின்றபடியே சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவேன். சட்டையைத் தேய்த்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, எட்டேகாலுக்குக் கம்பெனி கேட்டில் இருப்பேன். எட்டரைக்கு மைக்கில் பேச வேண்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி ஒப்படைத்துவிட்டு மாற்று ஊசி வாங்குங்கள், அவசர வழியில் பெட்டி அடுக்காதீர்கள். எட்டு வருடமாக இதே வாக்கியங்கள். சென்ற மே மாதம் என் மனைவி இறந்தபோது பதினாறு நாள் விடுப்பு எடுத்தேன். பதினேழாம் நாள் மைக்கைப் பிடித்தேன். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை என்று லைன் சூப்பர்வைசர் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அப்படித்தான் நான் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் பத்தொன்பது கேள்விகள் கேட்டீர்கள். என் பதில்களில் முரண்பாடு இல்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தீர்கள். இருக்காது. என் வேலையே அதுதான். இன்று நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன்.

என் பெயர் தரணீதரன். வயது முப்பத்தொன்று. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவன். மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆடிட் வேலைகளைப் பார்க்கிறேன். இது வரவு செலவு ஆடிட் அல்ல. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் ஓர் ஆளை அனுப்பி, இங்கே தொழிலாளிகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்ப்பார்கள். வருகிறவர் லைனில் நடந்துபோய்த் தன் இஷ்டத்துக்குப் பத்துப் பேரைப் பொறுக்குவார். ஒவ்வொருவராகத் தனி அறையில் உட்கார வைத்துக் கேட்பார். அந்த அறைக்குள் நாங்கள் போகக் கூடாது. அதனால் அவர்கள் அறைக்குள் போவதற்கு முன்பே என் வேலை முடிந்திருக்க வேண்டும்.

பதில் சொல்லப் பயிற்சி கொடுப்பேன். அதை நான் பொய் என்று நினைத்ததில்லை. கேள்வி கேட்டால் சாதாரண மனிதர்கள் பயந்துபோகிறார்கள். நடந்ததைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் உளறுகிறார்கள். மனப்பாடம் செய்தவன் உடனே பதில் சொல்வான், அங்கேதான் மாட்டுவான். கேள்வி முடிந்ததும் மனதுக்குள் இரண்டு வரை எண்ண வேண்டும். ஜன்னலையோ மேஜையையோ பார்க்க வேண்டும். பிறகு வீட்டில் பேசுகிற பேச்சில் சொல்ல வேண்டும். கூடவே சின்னதாக ஒரு குறையும் சொல்ல வேண்டும், கேண்டீன் சாம்பாரில் உப்பு இல்லை என்பது போல. குறையே சொல்லாதவரை யாரும் நம்புவதில்லை.

அனுசுயாவை அப்படி ஒரு பயிற்சியில்தான் பார்த்தேன். செக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அம்மா ராமுத்தாயோடு பிழைக்க வந்தவள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை?" என்று கேட்டேன்.

"எட்டு மணி நேரம் சார்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேலயும் எட்டு மணி நேரம்தான் சார்."

முப்பது பேரும் சிரித்தார்கள். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். "சூப்பர்வைசர் வைவாரா?"

"அவருக்கு எங்க சார் நேரம்? அவர வையவே மேல நாலு பேரு இருக்காங்கள்ல."

அன்று அவளை மட்டும் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார வைத்தேன். அவள் மோசமான மாணவி அல்ல. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள், ஆனால் சொல்லும்போது கண்ணில் சிரிப்பு நின்றது. அதை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எட்டு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம்.

எங்கள் வீடு குன்னத்தூரில். தோட்டம், பத்து மாடு. வேறு சாதிப் பெண் என்பதால் அப்பா ஆத்தப்பன் ஆறு மாதம் பேசவில்லை. பிறகு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வரலாம் என்று சொல்லி அனுப்பினார். நான் அவளுக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தேன். எங்கள் பேச்சு அவளுக்கு வரவில்லை.

"வீடுன்னு சொல்லாத. ஊடு."

"ஊடு. எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' வேற. வாய்க்குள்ள வெல்லக்கட்டியப் போட்டுக்கிட்டே பேசணும் போலங்க."

"சிரிக்காம சொல்லு."

போன அன்று அம்மா மயிலாத்தாள் வாசலில் நிற்க வைத்தே கேட்டாள். "ஏங் கண்ணு, உனக்கு எந்த ஊரு?"

அனுசுயா இரண்டு வரை எண்ணினாள். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது. "இனி உங்கூருதானுங்க அத்தை. வெய்யலுதான் எங்கூரவிடக் கொஞ்சம் சாஸ்தியா இருக்குதுங்க."

அம்மா சிரித்துவிட்டாள். அரிசிம்பருப்புச் சோற்றை இரண்டாம் முறை போட்டாள். திரும்பி வரும் வழியில் நான் அவளைப் பாராட்டினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு, "அங்க உக்காந்து சாப்பிட்டது நானாங்க, நீங்களாங்க?" என்று கேட்டாள். நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு பயிற்சி பழக்கமாகிவிட்டது. வீட்டு உரிமையாளர் ரங்காத்தாள் கேட்டால் என்ன சொல்வது, உறவுக்காரர்கள் குழந்தை பற்றிக் கேட்டால் என்ன சொல்வது. வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால், தூசி சேரவில்லை. அவளுடைய அம்மாவுடன் போன் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னேன், பேசி முடித்ததும் எங்கே தடுமாறினாள் என்று எடுத்துச் சொல்ல வசதியாக. பதில்களைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்ததாக ராமுத்தாய் உங்களிடம் கொடுத்த மனுவில் சொல்லியிருந்தார். தாள் உண்மை. ஒட்டவில்லை. காந்தம் வைத்துப் பொருத்தியிருந்தேன். தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் வருடத்தில் அவள் மேல் இரண்டு முறை கை வைத்தேன். முதல் முறை கன்னத்தில், இரண்டாம் முறை தோளில். இரண்டு முறையும் ரங்காத்தாள் பார்த்துக் கேட்டார். "அலமாரிக் கதவு இடிச்சிருச்சுங்க. அந்தக் கொக்கிய மாத்தச் சொல்லி மூணு மாசமாச் சொல்றேன், நீங்களும் மாத்த மாட்டேங்கறீங்க" என்று அனுசுயா சொன்னாள். மறுநாளே ரங்காத்தாள் ஆளை அனுப்பிக் கொக்கியை மாற்றிக் கொடுத்தார். நல்ல கொக்கி. இன்னமும் இருக்கிறது.

மே மாதம் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழாவுக்குக் கம்பெனியை மூன்று நாள் மூடினார்கள். அம்மாவோடு ஊருக்குப் போய்வருகிறேன் என்றாள். நான் திம்பம் மலைக்கு மேலே காட்டுக்குள் ஒரு விடுதியில் அறை பதிவு செய்திருந்தேன். வெயிலுக்குக் குளிர்ச்சி, சத்தம் கிடையாது, செல்போன் டவரும் கிடையாது. அவளுக்கு ஓய்வு தேவை என்று எனக்குப் பட்டது. அவளுடைய போன் வீட்டில் மறந்துபோனதாக உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அணைத்து, பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆல்டோவில் கிளம்பினோம். குன்னத்தூரில் நிறுத்தாமல் போனேன். "உங்க ஊடு தாண்டிருச்சுங்க" என்றாள். தெரியும் என்றேன். கோபியில் மாங்காய்க் கீற்று வாங்கினாள், மிளகாய்ப் பொடி அதிகமாகத் தூவச் சொல்லி. சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார். மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கரும்பு லாரிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு குரங்கு பானெட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னையே பார்த்தது.

"உங்களத்தான் ஆடிட் பண்ணுது. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள். அவள் அப்படிப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவளை அழைத்து வந்தது சரிதான் என்று நினைத்தேன்.

விடுதியில் நான்கு ஓட்டு வீடுகள். சுற்றிலும் யானை வராமலிருக்க மின்வேலி. நாங்கள் போனபோது மற்ற மூன்றும் காலி. சமைத்துப் போடுகிறவர் சரவணக்குமார். நல்ல மனிதர், காது கொஞ்சம் மந்தம். வேலியின் கதவுக்கு ஒரே சாவிதான், மாலையில் பூட்டினால் காலை ஆறரைக்குத்தான் திறப்பேன் என்றார். அனுசுயா அந்தச் சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை இட்லி கொடுத்துவிட்டு, காய்கறி வாங்கத் தாளவாடி போவதாகச் சரவணக்குமார் பைக்கில் கிளம்பினார். நாங்கள் முன்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து இறங்க ஏழு கல்படிகள். அனுசுயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"திரும்பிப் போனதும் நான் எங்கம்மாகூட இருக்கப் போறேங்க. ராக்கியாபாளையத்துல ஒரு கம்பெனியில செக்கிங்க்கு ஆள் எடுக்கறாங்க. சேந்துக்குறேன். உங்கமேல கோவம் எல்லாம் இல்ல. ஆனா என்னால இனிமே பதில் சொல்ல முடியல. தூக்கத்துல யாராச்சும் கூப்புட்டாக்கூட ரெண்டு எண்ணுறேன்."

அவள் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. யாரோ நன்றாகப் பயிற்சி கொடுத்தது போலிருந்தது. யார் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாள். மறுபடியும் கேட்டேன். எழுந்து படியை நோக்கி நடந்தாள். நான் தள்ளினேன். உங்களிடம் சொன்ன ஈரம், பாசி, தேய்ந்த செருப்பு எதுவும் அங்கே இல்லை. படி காய்ந்திருந்தது. இரண்டு கைகளாலும் தள்ளினேன். கீழே துணி துவைக்கிற கல் இருந்தது. அதன் விளிம்பில் இடது விலா பட்டு விழுந்தாள். மணி எட்டு பத்து.

தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். ரத்தம் இல்லை. தேநீர்கூடக் குடித்தாள். ஒன்பதரை மணிக்கு இடது தோள் வலிக்கிறது என்றாள். அடிபடாத இடம் ஏன் வலிக்கிறது என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. பத்து மணிக்கு உதடு வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வேர்வை அரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

நான் மறுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "போலாம். அங்க டாக்டர் கேப்பாரு. என்ன சொல்லுவ?" என்றுதான் கேட்டேன்.

"விழுந்துட்டேன்னு சொல்லுறேன்."

"எப்படி விழுந்த?"

"படியில வழுக்கி."

"எத்தனாவது படி?"

அவளுக்குத் தெரியவில்லை. இப்படித்தான் மாட்டுவார்கள். முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும், நான்காவது கேள்விக்கு இருக்காது. நான் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு டாக்டராகக் கேட்டேன். பிறகு நர்ஸாக, பிறகு போலீஸாக. மூன்றாம் படி. பாசி. ரப்பர் செருப்பு. அவர் அறைக்குள் இருந்தார், சத்தம் கேட்டு ஓடி வந்தார். அவளுக்கு வரிசை மாறிக்கொண்டே இருந்தது. ஒருமுறை, "அவர் பின்னாடி இருந்தாரு" என்றாள். மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை தண்ணீர் கேட்டாள், மூன்று முறையும் கொடுத்தேன். ஒருமுறை தலையை என் முழங்கால் மேல் சாய்த்துக்கொண்டு, "என்ன வேணா சொல்லுறேங்க, வண்டிய எடுங்க" என்றாள். என்ன வேண்டுமானாலும் என்பது ஒரு பதில் அல்ல என்று விளக்கினேன். பதினோரு முறை கேட்டேன். பன்னிரண்டு மணி தாண்டித்தான் வண்டியை எடுத்தேன்.

வரும் வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பலகை இருந்தது, அம்புக்குறியோடு. நிறுத்தச் சொன்னாள். செருப்புப் போட்டிருந்தாயா என்று கேட்டேன். முன்பு ஆமாம் என்றவள் இப்போது இல்லை என்றாள். நிறுத்தவில்லை.

சத்தியமங்கலத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது உயிர் இல்லை. கட்டிலில் கிடத்திப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம்தான் கேட்டார். மூன்றாம் படி, பாசி, செருப்பு. நான் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பிரேதப் பரிசோதனையில் மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது என்று வந்தது. படியிலிருந்து விழுந்தால் அப்படி ஆகலாம் என்றும் எழுதியிருந்தார்கள். ஆகலாம்தான். பத்து மணிக்கே வண்டியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தத் தாளிலும் இல்லை. நீங்களும் கேட்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் ராமுத்தாய். சென்ற திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரம், கம்பெனி கேட்டில் வந்து நின்றார். செக்யூரிட்டி விடவில்லை. நான்தான் வெளியே போனேன். அவர் சண்டை போட வரவில்லை. மனுக் கொடுத்ததைப் பற்றியும் பேசவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் தம்பி. எம்மக கடைசியா என்னய்யா சொன்னா?"

இரண்டு வரை எண்ணினேன். "அம்மாவ நல்லாப் பாத்துக்குங்கன்னு சொன்னாளுங்க அத்தை."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவயா?"

"ஆமாங்க."

"அவ என்னய என்னிக்குய்யா அம்மான்னு கூப்புட்டா? பேச்சு வந்த நாள்லருந்து 'ஏ ராமுத்தாயி'தான். வெளியாளுகிட்டயும் 'எங்க ராமுத்தாயி'ன்னுதான் சொல்லுவா. ஒங்க வீட்லருந்து போன்ல பேசையில மட்டுந்தான் அம்மா, ஏனுங்கம்மான்னு யாரு பிள்ளையோ மாதிரிப் பேசுவா. அதக் கேட்டுக்கிட்டு நானும் ஆருகிட்டயோ பேசுற மாதிரி பேசுவேன்."

பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதை நான்தான் திருத்தியிருந்தேன். திருத்தியது மறந்துபோயிருந்தது. முன்கட்டில் எங்கம்மாகூட இருக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோதுகூட அது எனக்கு உறைக்கவில்லை. எட்டு வருடத்தில் என் பதில் ஒன்று பிடிபட்டது அன்றுதான். அதுவும் ஒரே கேள்வியில். ராமுத்தாய் அழவில்லை. "சொல்ல வேணாம்னா விடுங்க தம்பி. பொய் மட்டும் சொல்லாதீக. எனக்குன்னு அவ வச்சிட்டுப் போன வாய்ச்சொல்லு அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு என்னால் சரியாக வேலை செய்ய முடியவில்லை. யாராவது பேர் கேட்டால்கூட எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். வருகிற பதில் நடந்ததா, நான் தயாரித்ததா என்று பார்த்துப் பிரிக்க நேரமாகிறது. பிரிக்க முடிந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். தள்ளியது நான். நேரத்தைக் கடத்தியது நான். போனை ஒளித்தது நான். இவற்றுக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். பயிற்சியை மட்டும் குற்றத்தில் சேர்க்காதீர்கள். அது அவளுடைய நன்மைக்காகக் கொடுத்தது. நன்றாகக் கற்றுக்கொண்டாள் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறார்.

அன்று மலையிறங்கி வரும்போது பண்ணாரி சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை பார்த்த அதே வனத்துறைக்காரர். எண்ணைக் குறிக்கக் குனிந்தவர், பின் இருக்கையில் சாய்ந்து கிடந்தவளைப் பார்த்துவிட்டார்.

"என்னாச்சுங்க? அம்மிணிக்கு மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குதுங்களே. ஆம்புலன்ஸு இங்கயேதான் நிக்குது, கூப்புடட்டுங்களா?"

அவள் கண்ணைத் திறந்தாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரை எண்ணினாள். ஜன்னலுக்கு வெளியே, சாவடியின் தடுப்புக் கட்டையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஒண்ணுமில்லீங்ணா. வளைவு ரோடு பாருங்க, தலை சுத்திப்போச்சு. இவரு வேற வேகமா ஓட்டிப்போட்டாருங்க. ஊட்டுக்குப் போயிப் படுத்தாச் சரியாப் போயிருமுங்க."

அவர் சிரித்து, மெதுவாகப் போகச் சொல்லி என்னைச் செல்லமாகக் கண்டித்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார். அவரைக் கூப்பிட்டு விசாரித்தால் இதையேதான் சொல்வார். எண்ணியது, பார்வை, பேச்சு, சின்னக் குறை எல்லாம் இருந்தன. கண்ணில் சிரிப்பு இல்லை. அவள் கொடுத்ததிலேயே அதுதான் முழுமையான பதில். நான் கட்டையைத் தாண்டி, ஆம்புலன்ஸைத் தாண்டி, வண்டியை நேராக விட்டேன்.

பண்ணாரிக் கோவிலின் நுழைவு வளைவைத் தாண்டியதும் ஒரு கேள்வி கேட்டாள். அதுதான் கடைசி. நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. தவறு இருந்தால்தான் நான் வாய் திறப்பேன் என்று அவளுக்குத் தெரியும். ராமுத்தாயிடம் இதை நீங்கள் நேரில் சொல்லுங்கள், ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். கேட்டது இதுதான்:

"நான் சரியாச் சொன்னேனா, சார்?"